பிசானத்துக்கு நாள் குறித்தது

எங்கள் வீட்டு எலிகளுக்குப் பெயர் வைத்தது அப்பா. தலையும் தோளும் கருப்பு, மிச்சமெல்லாம் வெள்ளை என்றிருந்தது காரு. முழு வெள்ளை, பிசானம். தாமிரபரணிப் பாசனத்தின் இரண்டு போகங்கள். ஆனியில் தொடங்கிப் புரட்டாசிவாக்கில் அறுப்பது கார். ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். "ரெண்டு பூவையும் இதுதானட்டி தின்னுது. பேரும் அதுவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கதிர் பால் பிடிக்கும்போது எலி இறங்கும். தின்பதைவிட வெட்டிப் போடுவது அதிகம். வரப்பில் வளை தோண்டி, கட்டிவைத்த தண்ணீரையும் ஒழுகவிடும். அப்பா வளையை வெட்டுவார், வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவார், வெளியே ஓடிவருவதைக் கம்பால் அடிப்பார். ஒரே நாளில் முப்பது அடித்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த ஆள்தான் பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில், கம்பிக் கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தயிர்ச்சோற்றுப் பருக்கையை ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருந்தார்.

2022 டிசம்பரில் வாங்கியவை. மீன்தொட்டி விற்கிற ஒரு கடையில் 'ஹாம்ஸ்டர்' என்று எழுதி ஒட்டிய கூண்டுக்குள் இருந்தன. ஒன்று 150 ரூபாய். ஹாம்ஸ்டருக்கு அவ்வளவு நீளமான வால் கிடையாது என்று தெரிந்தேதான் வாங்கினேன். எலியைத் தனியாக வளர்க்கக் கூடாது, கூட்டத்தில் வாழ்கிற பிராணி என்பதும் தெரிந்திருந்தது. அதனால் இரண்டு. இரண்டும் பெட்டை.

கூண்டில் வளர்வது நம் பரணில் ஓடுகிற கருப்பெலியும் இல்லை, வயலில் வளை தோண்டுகிற சிறு பெருச்சாளியும் இல்லை. பிள்ளையாரின் காலடியில் இருப்பதாகச் சொல்லப்படும் மூஞ்சூறு இன்னும் தூரம், அது கொறிக்கும் பிராணியே கிடையாது. இது பழுப்பெலி. நார்வே என்ற பெயர் அதன் அறிவியல் பெயரிலேயே ஒட்டியிருக்கிறது, அந்த நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜாக் பிளாக் என்று ஒருவர் இருந்தார். விக்டோரியா மகாராணிக்கு எலி பிடிப்பவன் என்று சொல்லிக்கொண்டவர். பிடித்ததில் நிறம் மாறிப் பிறந்தவற்றை மட்டும் கொல்லாமல் வைத்து, இனம் பெருக்கி, செல்லமாக வளர்ப்பதற்கு விற்றார். செல்ல எலியின் பரம்பரையில் தாத்தா ஸ்தானத்தில் நிற்பவர் எலி அடிக்கிற ஆள். இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ரொம்பத் திருப்தி.

இன்னொரு கிளை ஆய்வகத்திலிருந்து வருகிறது. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906இல் வளர்க்கத் தொடங்கிய வெள்ளை எலிகள் உலகத்து ஆய்வகங்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தன. பிசானத்தின் சிவப்புக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம்தான் வரும்.

2024 ஆகஸ்டில் பிசானத்தின் இடது முன்னங்காலுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இரண்டு வாரத்தில் சுண்டைக்காயைத் தாண்டிவிட்டது. மூன்றாவது வாரம் எலுமிச்சம்பிஞ்சு.

பெட்டை எலிக்குப் பால் சுரப்பித் திசு கழுத்தடியிலிருந்து தொடை இடுக்குவரை பரவிக் கிடக்கிறது. ஆறு ஜோடிக் காம்பு. ஆகவே கட்டி எங்கே வேண்டுமானாலும் கிளம்பலாம், கக்கத்தில், தாடைக்குக் கீழே, வாலுக்குப் பக்கத்தில். ஒன்றரை வயதைத் தாண்டிய பெட்டைகளுக்கு இது சர்வ சாதாரணம். பெரும்பாலானவை புற்று கிடையாது. ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதாக் கட்டி. வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் வளர்வதை நிறுத்தவும் செய்யாது. எலியின் மொத்த ஆயுளே இரண்டிலிருந்து மூன்று வருடம். அதற்குள் கட்டி உடம்பில் பாதி அளவுக்குப் பெருத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களில் எலி கையில் எதையோ பிடித்து நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். பிற்பாடு வந்த குழப்பத்துக்கெல்லாம் விதை அந்தப் படங்களில்தான் இருந்தது.

முதலில் போன கிளினிக்கில் கூண்டுத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "எலியா?" என்று ஒரு சிரிப்பு. "ஆத்துல விட்டுருங்க" என்று பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்தவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேண்டாததை ஆற்றில் விடுவது நம்மூரில் ஒரு மரியாதைதான், பழைய சாமி படத்தையும் அங்கேதான் விடுகிறோம்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். "படிக்கும்போது ஆய்வகத்துல எலியக் கையாண்டிருக்கேன். வைத்தியம் பாத்ததில்ல. படிச்சுட்டுச் சொல்லுதேன், ரெண்டு நாள் குடுங்க" என்றார். அந்த இரண்டு நாளுக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. நாய், பூனைக்கு ஆபரேஷன் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடச் சொல்வார்கள். எலிக்கு அது தேவையில்லை. எலியால் வாந்தி எடுக்க முடியாது, மயக்கத்தில் புரையேறும் என்ற பயம் இல்லை. பட்டினி போட்டால்தான் அதற்கு ஆபத்து. வாயுவாகக் கொடுக்கும் மயக்க மருந்து அவரிடம் இல்லை, ஊசி மயக்கம்தான். எலிக்கு அது கொஞ்சம் சூதாட்டம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். செப்டம்பரில் கட்டியை எடுத்தார். 3,500 ரூபாய்.

"நூத்தம்பது ரூவா எலிக்கா?" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கு ராத்திரி சூடு போகாமலிருக்க வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டில் வைத்தவளும் அவள்தான். மூன்றாம் நாள் பிசானம் தையலைக் கடிக்கப் பார்த்தது, ஐந்தாம் நாள் காருவோடு சண்டை போட்டது, பத்தாம் நாள் கம்பியில் ஏறியது.

நவம்பரில் அடுத்த கட்டி வந்தது. இந்தத் தடவை இரண்டு. ஒன்று வலது தொடை இடுக்கில், ஒன்று கழுத்துக்குக் கீழே.

*

இளம் வயதிலேயே சூலகத்தை எடுத்துவிட்டால் இந்தக் கட்டிகள் வருவது வெகுவாகக் குறையும் என்கிறார்கள். இங்கே எலிக்கு அதைச் செய்கிற வழக்கமெல்லாம் இல்லை. இப்போது பிசானத்துக்கு இரண்டு வயது நெருங்கிவிட்டது. இரண்டு இடத்தில் கத்தி வைக்க வேண்டும், மயக்கத்திலேயே போய்விடலாம், எடுத்தாலும் அடுத்தது வரும். "நான் செய்யச் சொல்லமாட்டேன். நீங்க செய்யணும்னா செய்யுதேன்" என்றார் டாக்டர். வேண்டாம் என்று முடிவானது. வலிக்கு மெலாக்சிகாம் சொட்டு, மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த 'மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது' என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நாய் வலித்தால் முனகும். மாடு வலித்தால் கண்ணில் தண்ணீர் விட்டு நிற்கும். எலி சத்தமே போடாது என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மையில் அது போடுகிறது, நமக்குக் கேட்பதில்லை. விரல் நுனியால் கிச்சுக்கிச்சு மூட்டினால் எலி 50 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி எழுப்புகிறது என்று கண்டுபிடித்து அதைச் சிரிப்பு என்றே சொன்னவர் ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர். பயத்திலும் துன்பத்திலும் எழுப்புவது 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. மனிதக் காது, அதுவும் நல்ல இளம் காது, 20 வரைக்கும்தான் எட்டும். அதாவது அழுகைக்கும் நமக்கும் நடுவே இரண்டு கிலோஹெர்ட்ஸ்தான் தூரம். மாடியறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கூண்டில் காதை வைத்து நான் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் உண்டு. பாளையங்கால்வாய்ப் பக்கத்துத் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

கேட்க முடியாததால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் சுண்டெலிக்கும், 2011இல் எலிக்கும் முகபாவ அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். எலியின் முகத்தில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கும் கன்னமும் மேடு தட்டி இருக்கிறதா தட்டையாகிவிட்டதா, காது சுருண்டு விலகியிருக்கிறதா, மீசை விறைத்து நிற்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. டாக்டர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காலை ஏழு மணி, ராத்திரி ஒன்பது மணி என்று கோடு போட்டேன்.

கண்ணோரம் ரத்தம் மாதிரி சிவப்பாக வடிந்ததும் அம்மா பதறினாள். அது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபைரின் என்ற நிறப்பொருள். நல்ல உடம்பில் இருக்கும்போது முகம் கழுவுகிற மாதிரி முன்னங்காலால் துடைத்துக்கொள்ளும். முடியாதபோது அப்படியே காய்ந்து நிற்கும். சிவப்பைவிட, அதை ஏன் துடைக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நோட்டில் அதற்கும் ஒரு கட்டம்.

எடைக்கு அம்மாவின் சமையல் தராசு. தட்டில் ஒரு துண்டைப் போட்டு நிறுத்துவோம். நவம்பர் கடைசியில் 312 கிராம். டிசம்பர் முழுக்க 310க்கும் 320க்கும் நடுவிலேயே நின்றது. அப்பாவுக்கு அதில் ஒரு தெம்பு. "எடை கொறையலல்லா, நல்லாத்தான இருக்கு." முதுகை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் கணக்கு புரிந்தது. முதுகெலும்பு மணி மணியாகத் தட்டுப்பட்டது. கட்டி ஏறிய அளவுக்கு உடம்பு இறங்கியிருக்கிறது, தராசு கூட்டுத்தொகையைச் சொல்லிக்கொண்டிருந்தது. சோறு போகிற இடமே வேறு. வயலில் களை உரத்தை இழுக்கிறதைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

எலிக்கு எப்போது போதும் என்பதற்கு எழுதிவைத்த கணக்கு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, எலிக்குக் கட்டியை வரவைக்கிற ஆய்வகத்தில். ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் ஆய்வக விலங்குகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, வலியைக் குறைப்பது விதிமுறைக்குள் வந்தது. புற்றுநோய் ஆய்வுகளில் கட்டியின் எடை உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. தாண்டினாலோ, கட்டி புண்ணாகி உடைந்தாலோ, நடக்கவோ தின்னவோ முடியாமல் போனாலோ, ஆய்வு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, எலியின் கதையை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். இதைப் படித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வரம்பைப் பிசானம் டிசம்பர் முதல் வாரத்திலேயே தாண்டியிருக்கும். ஆய்வகத்தில் இருந்திருந்தால் அது எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். எங்கள் வீட்டிலோ அது கொய்யாப்பழத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, ராத்திரி என் கழுத்துப் பக்கம் ஏறி உட்கார்ந்து பல்லை நறநறவென்று தேய்த்தது. எலி சுகமாக இருக்கும்போது செய்கிற காரியம் அது. தேய்க்கத் தேய்க்கக் கண்முழி வெளியே வந்து வந்து போகும், பார்க்கப் பயமாகக்கூட இருக்கும். பத்தில் ஒரு பங்கு விதி அந்தப் பல் சத்தத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. விதியைக் குறை சொல்லவில்லை. ஆயிரம் எலியைப் பார்க்கிறவனுக்கு ஒரு கோடு வேண்டும். எனக்கு ஓர் எலிதான்.

*

ஜனவரி தொடங்கியபோது நடை மாறிவிட்டது. தொடைக் கட்டி கோழிமுட்டை அளவு. பின்னங்காலை ஊன்ற முடியாமல் இழுத்தது. கூண்டின் மேல் தட்டையெல்லாம் எடுத்து ஒரே தளமாக்கினோம். தரையில் உரசி உரசிக் கட்டியின் அடித்தோல் மெலிந்து சிவந்தது. அடியில் வைக்கோல் வேண்டாம் என்று பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து விரித்தார் அப்பா. ஒரு நாளைக்கு நாலு தடவை மாற்ற வேண்டும், மூத்திரம் பட்டால் புண்ணாகிவிடும். பகலில் அலுவலக வேலை, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து துணி மாற்றுவது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நோட்டில் எண் போடும்போது என் கை சாய்கிறதா என்ற சந்தேகம் எனக்கு வந்தது. ராத்திரி தூக்கம் கெட்ட நாளில் கண் இடுங்கலுக்கு 2 போடத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்தால் அதே கண் 1 ஆகத் தெரிகிறது. 'அது கஷ்டப்படுது' என்று சொல்கிற வாய்க்குள் 'நான் கஷ்டப்படுகிறேன்' என்பதும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிரிப்பதுதான் உண்மையான வேலை என்று எனக்குப் பட்டது. மருந்து கொடுப்பதெல்லாம் அதற்கு முன்னால் சுலபம்.

நம் தென்மாவட்டங்களுக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. தலைக்கூத்தல் என்ற சொல் எங்கள் வடக்கே விருதுநகர்ப் பக்கமும் அதைச் சுற்றியும் புழங்குவது. படுக்கையில் கிடக்கும் வயசாளிக்கு விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகக் கொடுப்பது. பிரியா கிருஷ்ணசாமி அதை வைத்துத்தான் 'பாரம்' எடுத்தார், 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அந்தத் தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, யாருக்குப் பாரம் என்பதுதான் கேள்வி. எண்ணெய் தேய்க்கிற கையும் அன்பான கைதான் என்று வாதாடுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் பார்த்துக்கொள்கிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்து, அதைக் கேள்வி கேட்க வெளியாள் ஒருவரும் இல்லாதபோது, அன்பு எங்கே முடிகிறது, அலுப்பு எங்கே தொடங்குகிறது என்று அந்த ஆளுக்கே தெரியாது. எலியையும் மனுசியையும் ஒன்றாக வைக்கவில்லை. கை ஒன்றுதான் என்கிறேன்.

அதனால் ஜனவரி முதல் வாரத்திலிருந்து நோட்டை மூன்று பேரும் தனித்தனியாக எழுதுவது என்று வைத்தோம். ஒருத்தர் போட்டதை அடுத்தவர் பார்க்கக் கூடாது. அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் மீசை தெரியாது, ஆகையால் அவள் எண் போடாமல், சோறு தின்றதா, காருவைப் பக்கத்தில் விட்டதா என்று மட்டும் எழுதுவாள். "தின்னுச்சு. ஆனா ஆசையாத் தின்னல" என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். மெக்கில் அளவுகோலில் அந்தக் கட்டம் இல்லை.

ஜனவரி 11ஆம் தேதி, சனிக்கிழமை, நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி படுத்துவிட்டது என்று டவுனிலிருந்து அத்தை போன் செய்தாள். 56 வயது. மூட்டு வலி பல வருசமாக. 2022இல் பக்தர்கள் தோல் செருப்பு செய்து போட்டுவிட்ட யானை அது, அந்தப் படத்தைப் பார்க்காத நெல்லைக்காரர் இருக்கமாட்டார்கள். கால் வலியால் படுக்காமல் நின்றுகொண்டேதான் கொஞ்ச நாளாகத் தூங்கிவந்தது. அன்றைக்குப் படுத்தது, எழ முடியவில்லை. மருத்துவர்கள் வந்தார்கள், குளுகோஸ் ஏற்றினார்கள், கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். மறுநாள் காலை இறந்துவிட்டது. ஊரே அழுதது. அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "கிரேன்ல தூக்கும்போது அது கண்ணப் பாக்கணுமே" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

யானை விஷயத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழ முடியாமல் புண்ணோடு கிடந்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று கால்நடை மருத்துவர் சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று 2018 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவு வந்த சில நாளில், ஊசிக்கு அவசியம் வராமலே ராஜேஸ்வரி செத்துப்போனது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறது. நம்ம ருக்மிணிதேவி அருண்டேல் ராஜ்யசபையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து கிளம்பிய சட்டம் அது. பிழைக்க வழியில்லாமல் வேதனையில் கிடக்கும் விலங்கை உயிரோடு விடுவதே வதையாகலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அதற்கும் முன்னால் 1928இல், சபர்மதி ஆசிரமத்தில் புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்த ஒரு கன்றுக்குக் காந்தி டாக்டரை வைத்து விஷ ஊசி போடச் சொன்னார். அகிம்சைக்காரர் கன்றைக் கொன்றுவிட்டார் என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. அவர் அதையும் பத்திரிகையில் எழுதிப் பதில் சொன்னார்.

கன்றுக்கு நாடே சண்டை போட்டது. யானைக்கு நீதிபதிகள், டாக்டர் குழு, சான்றிதழ். எலிக்கு யாரும் வரமாட்டார்கள். பசைத் தட்டில் ஒட்டி இரண்டு நாள் துடிக்கிற எலியைக் குப்பை வண்டியில் போடுகிற தெருவில், என் எலிக்கு இன்றைக்கா நாளைக்கா என்று எந்த அதிகாரியிடமும் கேட்க முடியாது. இந்தச் சுதந்திரம் சந்தோசமாக இருக்கவில்லை.

சொல்லும் உதவி செய்யவில்லை. கருணைக்கொலை என்கிறோம். கருணையை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் கொலை கடைசியில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் தூங்கவைப்பது என்று மழுப்புவார்கள். டாக்டர் இரண்டையும் சொல்லவில்லை. "ஊசி போட்டுரலாம்" என்றார். ஊசி என்ற சொல்லை வைத்துப் பிழைக்கவும் வைக்கலாம், முடிக்கவும் செய்யலாம், எதைச் சொல்கிறோம் என்று கேட்கிறவருக்குத் தெரியும். தமிழ் இந்த இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஜனவரி 25, 26, 27. மூன்று நாள் மூன்று பேர் நோட்டும் ஒரே மாதிரி இருந்தது. கண் 2, கன்னம் 2. கட்டியின் அடியில் தோல் விட்டு, நீர் கசிந்தது. பல் தேய்ப்பது நின்று நாலு நாள். கொய்யாவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. காரு அதன் மேல் ஏறிப் படுத்துச் சூடு கொடுத்தது, ஆனால் பிசானம் பதிலுக்கு நக்கவில்லை. சொட்டு மருந்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண் திறக்கும், அப்புறம் பழையபடி.

டாக்டரிடம் பேசினேன். செவ்வாய் சாயங்காலம் வரச் சொன்னார்.

"செவ்வாக்கெழமையா?" என்றாள் அம்மா. "மறுநாள் தை அமாவாசை. அது கழியட்டும்ட்டி. வெள்ளியும் வேண்டாம். சனிக்கெழமை வச்சுக்கிடலாம்."

"செவ்வாய்ல என்ன?"

"செவ்வாய்ல நல்ல காரியம் செய்யமாட்டாவல்லா."

"இது நல்ல காரியமாம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. எந்த விதியை எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல காரியம் என்றால் செவ்வாய் ஆகாது, கெட்ட காரியம் என்றால் செய்யவே கூடாது. பஞ்சாங்கத்தில் மூன்றாவது பத்தி இல்லை. பிறகு கேட்டாள், "சனிக்கெழம வரைக்கும் தாங்குமா?"

அப்பாதான் சொன்னார். "தாங்கும். ஆனா எதுக்குத் தாங்கணும்? மழை வருதுன்னு தெரிஞ்சா கதிரு இன்னும் நாலு நாள் முத்தட்டும்னு விடமாட்டோம். சாஞ்ச பொறவு அறுத்தா கூலியும் வராது." முப்பது எலி அடித்த கதையைச் சொல்கிற அதே குரல். ஆனால் எலியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

28ஆம் தேதி, செவ்வாய். காருவையும் கூட்டிப்போனோம். துணை செத்ததைப் பார்க்காமல் விட்டால் மிச்சமிருக்கிற எலி நாள் கணக்கில் தேடிக்கொண்டிருக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். டாக்டர் முதலில் மயக்க ஊசி போட்டார். வேட்டித் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அஞ்சாறு நிமிசத்தில் கண் இடுங்கல் தளர்ந்தது. கன்னம் மேடு தட்டியது. மீசை தாழ்ந்தது. பல நாளாக நோட்டில் வராத 0, 0, 0. டாக்டர் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார், இழுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஊசி, வயிற்றில். காது ஓரத்து இளஞ்சிவப்பு மெதுவாக வெளுத்தது. ஸ்டெதஸ்கோப்பின் சின்ன முனையை ரொம்ப நேரம் வைத்துக் கேட்டார். "நிமிசத்துக்கு முந்நூறு நானூறு அடிக்கிற இதயம் மேடம். நின்னுட்டான்னு அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது" என்றார். பிறகு சொன்னார். பில்லில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'ஆலோசனை, 300' என்று எழுதிக் கொடுத்தார்.

காருவைப் பக்கத்தில் விட்டோம். முகர்ந்தது, காதோரம் இரண்டு தடவை நக்கியது, மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. பிறகு என் பையில் இருந்த பொரியைத் தேடிப் போய்விட்டது. இப்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கம்பிக்கு வந்துவிடுகிறது. அதற்குத் துணையாக ஒரு குட்டி வாங்கலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கினால் இன்னொரு இரண்டரை வருசம், இன்னொரு நோட்டு. அம்மாதான் ரொம்ப அழுத்துகிறாள்.

மறுநாள் அமாவாசை. குறுக்குத்துறைப் பக்கமெல்லாம் தர்ப்பணக் கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. அப்பா பைக்கில் என்னைப் பின்னால் வைத்துச் சேரன்மகாதேவிக்குப் போனார். மடியில் பழைய செருப்புப் பெட்டி. வயலில் பிசானம் பால் முற்றித் தலை சாய்ந்து நின்றது, காலுக்குக் கீழே இன்னும் தண்ணீர் இருந்தது. மேட்டு வரப்பில் வேப்பமரத்தடியாகப் பார்த்து மண்வெட்டியால் முழங்கை ஆழத்துக்கு வெட்டினார். நாய் தோண்டாமலிருக்க மேலே ஒரு கல். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் வரப்பில் பத்தடி தள்ளிக் குனிந்து நின்றார். புது வளை ஒன்று, வாயில் ஈரமண் குவிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு வெட்டு மண்ணை அள்ளி வளைக்குள் போட்டு, குதிகாலால் இறுக்கி மிதித்தார்.

"தண்ணி ஒழுகும்லா" என்றார்.